வரைபடத்தில் வெள்ளையாகக் கிடந்த ஊர்கள்: நேபாளப் பயணக் குறிப்புகள்

திங்கள், காத்மாண்டு

நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. 2015 ஏப்ரல் 25 ஒரு சனிக்கிழமை. காலை 11.56 மணிக்கு நிலம் நடுங்கியபோது பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்தன, மலைக் கிராமங்களில் பாதிப் பேர் வயலில் நின்றார்கள். அப்படியிருந்தும் ஏறத்தாழ 9,000 உயிர்கள் போயின. "இதே நடுக்கம் வெள்ளிக்கிழமை வந்திருந்தால், இல்லை ராத்திரி வந்திருந்தால்?" என்று எங்களை விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்த டாக்ஸிக்காரர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். இங்கே மூத்த ஆண்களைத் தாஜு என்றும் பெண்களைத் தீதி என்றும் கூப்பிடுகிறார்கள். எங்களுக்கும் இரண்டு மணி நேரத்தில் அது வாயில் ஒட்டிக்கொண்டது.

கோயில்களையும் சிகரங்களையும் பற்றி எழுத எனக்கு முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வந்தது வேறொன்றுக்காக. பேரிடர் நடந்த முதல் நாட்களில், யாருக்கு என்ன தேவை என்ற தகவல் எப்படிச் சேர்கிறது, சேர்ந்தது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதை அந்த மலைகளிலேயே கேட்டுப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில், சென்னையில் தண்ணீர் நின்ற தெருக்களை இணைய வரைபடத்தில் குறித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கைப்பழக்கம் எனக்கு வந்ததே அதே ஆண்டு ஏப்ரலில், நேபாளத்துக்காக ராத்திரிகளில் உட்கார்ந்து வீடுகளை வரைந்தபோதுதான். கூட வந்திருக்கும் அக்கா நாகப்பட்டினத்துக்காரர். சுனாமிக்குப் பிறகு கீச்சாங்குப்பத்தில் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர். எங்கள் இருவருக்கும் பேச நிறைய இருக்கிறது.

மாலையில் தரஹரா கோபுரம் வரை நடந்தோம். 1934 நிலநடுக்கத்திலும் விழுந்தது, 2015லும் விழுந்தது. இப்போது நிற்பது 2021ல் திறந்த புதியது.

செவ்வாய், காத்மாண்டு

இன்று முழுவதும் ஓர் ஆசிரியையுடன் கழிந்தது. 2015ல் அவர் கல்லூரி மாணவி, காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற அமைப்பில் தன்னார்வலர். நாமராஜ் புதாதோகியின் தலைமையில் இயங்கும் அந்த அமைப்பு நிலநடுக்கத்துக்காகத் தொடங்கியது அல்ல. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இளைஞர்களைத் திரட்டி, காத்மாண்டு பள்ளத்தாக்கின் தெருக்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் எல்லாவற்றையும் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். பெரிய நிலநடுக்கம் வரும் என்று விஞ்ஞானிகள் வெகுகாலமாகச் சொல்லிவந்ததால் செய்த வேலை அது.

"அந்த வேலை இல்லாவிட்டால் முதல் வாரம் பூராவும் தெரு எங்கே இருக்கிறது என்று வரைவதிலேயே போயிருக்கும் தீதி" என்றார். கட்டடத்துக்குள் போகப் பயந்து, வெட்டவெளியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள். வெளிநாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் கைகொடுத்தார்கள். வேலை நடந்த விதம் எளியது. பாதித்த பகுதியைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து இணையத்தில் போட்டுவிடுவார்கள். ஒருவர் ஒரு சதுரத்தை எடுத்து, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அதிலுள்ள பாதை, வீடு, ஆற்றைக் கடக்கும் பாலம் எல்லாவற்றையும் வரைவார். இன்னொருவர் அதைச் சரிபார்ப்பார். நகரத்தின் மைதானங்களில் மக்கள் போட்ட கூடாரங்களைக் கூடப் படத்திலிருந்து கண்டுபிடித்துக் குறித்தார்கள். இணையம் இல்லாத மலைக்குப் போகிறவர்களுக்கு அச்சிட்ட வரைபடமாகவும், கையடக்க ஜிபிஎஸ் கருவிக்கான கோப்பாகவும் அதே வரைபடம் போயிற்று.

இரண்டாவது வேலை குவேக்மேப். "எங்கள் ஊரில் தார்ப்பாய் வேண்டும்", "பாதையில் மண் சரிந்து கிடக்கிறது" என்று பொதுமக்கள் அனுப்பும் செய்திகளை இடத்தோடு சேர்த்துப் பதியும் தளம். 2008ல் கென்யாவில் தேர்தலுக்குப் பின் நடந்த வன்முறையைப் பதிவுசெய்ய உருவான உஷாஹிதி என்ற மென்பொருள்தான் அதற்கு அடிப்படை. 2010ல் ஹைத்தி நிலநடுக்கத்திலும் அதுவே பயன்பட்டது.

ஆசிரியையின் வேலை தொலைபேசியில். வந்த செய்தியை அப்படியே ராணுவத்துக்குத் தள்ளிவிடுவதில்லை. அனுப்பியவரைத் திருப்பிக் கூப்பிட வேண்டும். எந்த வார்டு? எத்தனை குடும்பம்? இதுவரை யாராவது வந்தார்களா? நீங்கள் இப்போது அங்கேதான் இருக்கிறீர்களா, அல்லது கத்தாரிலிருந்து பேசுகிறீர்களா? கடைசிக் கேள்வி அவசியமாம். வளைகுடாவிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கும் ஆண்கள், வீட்டிலிருந்து கேட்ட செய்தியைத் தாங்களே பதிந்தார்கள். உண்மையான செய்திதான், ஆனால் ஒரு நாள் பழையது. முதல் வாரத்தில் ஒரு நாள் என்பது நீண்ட காலம்.

அவர் சொன்னதில் இன்னொன்று என் நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் நாட்களில் வரைபடத்தில் புள்ளிகள் மொய்த்த இடம் காத்மாண்டு. வடக்கே மலைகள் வெள்ளையாகக் கிடந்தன. செய்தி வராததால் அங்கே சேதம் இல்லை என்றா அர்த்தம்? செல்போன் கோபுரம் விழுந்திருக்கும், பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது செய்தி அனுப்ப ஆளே மிஞ்சியிருக்க மாட்டார். "புள்ளி இல்லாத இடத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பயம்" என்றார்.

புதன், கோர்க்கா சாலை

காலையில் கிளம்பி மாலையில் கோர்க்கா பஜார். பிருத்வி நெடுஞ்சாலையில் வேலை நடக்கிறது, தூசி. ஆபு கைரேனியில் தால் பாத் சாப்பிட்டோம். எழுத வேறொன்றும் இல்லை.

வியாழன், பார்பாக்

பலுவா தாண்டி ஜீப் ஏறும் பாதை முதுகெலும்பைச் சோதிக்கிறது. மேலே வந்தபின் ஊர் அழகு. கலே, குருங் இன மக்கள். பாதி வீடுகளில் யாராவது ஒருவர் ராணுவத்தில் இருந்திருப்பார். பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கிய கஜே கலே இந்த ஊர்க்காரர். 2015க்கு முன் எல்லாமே கல்லும் மண்ணும் கட்டி, சிலேட்டுப் பலகை வேய்ந்த வீடுகளாம். நிலநடுக்கத்தின் மையம் இந்த ஊரை ஒட்டித்தான். ஏறக்குறைய எல்லா வீடுகளும் விழுந்தன. இப்போது கான்கிரீட்டும் தகரமும்.

தங்கிய வீட்டுத் தாஜு ஓய்வு பெற்ற ராணுவக்காரர். அன்று மாலைக்குள் இளைஞர்களை நாலு திசைக்கும் அனுப்பி, எந்த வீட்டில் யார் உயிரோடு, யார் இல்லை, யாரைக் கட்டிலில் தூக்கிப் போக வேண்டும் என்று எழுதச் சொல்லியிருக்கிறார். செல்போன் வேலை செய்யவில்லை, ஓர் ஆள் அந்தத் தாளோடு கீழே இறங்கினான். உலக அமைப்புகள் 72 மணி நேர மதிப்பீடு என்று கையேட்டில் எழுதி வைத்திருப்பதை, ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஒரே மாலையில் முடித்திருக்கிறார்கள். கையேடுகளும் அதைத்தான் சொல்கின்றன என்பது என் புரிதல். முதல் மூன்று நாளில் நீண்ட படிவம் வேண்டாம். எங்கே, எவ்வளவு பேர், சாலை உண்டா, மிக அவசரமானது எது என்பது மட்டும் போதும். மீதியை ஏற்கெனவே கையில் உள்ள மக்கள்தொகைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள். நேபாளத்துக்கு 2011 கணக்கெடுப்பு இருந்தது, நல்லவேளை.

பார்பாக்கின் பெயர் முதல் நாளே உலகச் செய்தியில் வந்துவிட்டது. மையம் என்றால் அங்கேதான் எல்லாரும் போவார்கள். ஹெலிகாப்டர்களும் நிருபர்களும் வந்தார்கள். அது தேவையான உதவிதான், இந்த ஊர் அதற்குத் தகுதியானதும்கூட. ஆனால் நிலநடுக்கம் ஒரு புள்ளியில் நடப்பது அல்ல. பூமிக்கடியில் உடைந்த பிளவு இங்கே தொடங்கிக் கிழக்கே காத்மாண்டுக்கு வடக்கு வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. அதிக உயிர்களை இழந்த மாவட்டம் கோர்க்கா அல்ல, கிழக்கே தள்ளியிருக்கும் சிந்துபால்சோக். அங்கே மட்டும் மூவாயிரத்துக்கும் மேல். நாளை மறுநாள் அங்கே போகிறோம்.

சனி, சௌதாரா

சிந்துபால்சோக்கின் தலைமை ஊர். முகட்டின்மேல் ஒரே நீளக் கடைத்தெரு, இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. நிலநடுக்கத்துக்குப் பின் கோர்க்காவிலும் இங்கேயும்தான் ஐநா ஒருங்கிணைப்பு மையங்களைத் திறந்தது.

அப்போது கிராமச் செயலாளராக இருந்த ஒருவரைப் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. அவர் சொன்னதை விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அறிக்கைகளில் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் குரல் குறைவு. நேபாளத்தில் 1997க்குப் பிறகு 2017 வரை உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. நம் ஊராட்சியைப் போன்ற கிராம வளர்ச்சிக் குழுக்கள் நாடு முழுவதும் மூவாயிரத்துக்கும் மேல் இருந்தன. தலைவர் கிடையாது, உறுப்பினர் கிடையாது, அரசு நியமித்த செயலாளர் மட்டும். சிலர் இரண்டு மூன்று குழுக்களுக்குச் சேர்த்துப் பொறுப்பு. அந்த ஒற்றை ஆளிடம்தான் இறந்தோர் பட்டியல், இடிந்த வீட்டுப் பட்டியல், நிவாரணப் பட்டியல் அத்தனையும் வந்து விழுந்தது. அவருடைய வீடும் இடிந்திருந்தது.

"ஒவ்வொரு அமைப்பும் வந்து ஒரே கேள்வியைக் கேட்கும்" என்றார். "எத்தனை வீடு, எத்தனை பேர், கழிப்பறை இருக்கிறதா. நானும் சொல்வேன். அடுத்த நாள் வேறு வண்டி, வேறு படிவம். நான்காவது வண்டி வந்தபோது ஊர்ப் பெண்கள், 'எழுதிக்கொண்டு போனவர்கள் எல்லாம் எங்கே?' என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள்."

அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தார். நாகையிலும் இதேதானாம்.

அதில் என் கருத்து உறுதியானது. கொடுக்க ஒன்றும் இல்லாதவர், கொடுப்பவரிடம் கொண்டுசேர்க்க வழியில்லாதவர், முதல் வாரத்தில் யாரிடமும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டே ஆக வேண்டுமென்றால் மற்றவர் கேட்டு வைத்திருப்பதை முதலில் வாங்கிப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ஐநாவின் மனிதநேய விவகார ஒருங்கிணைப்பு அலுவலகம் 2014ல் பொதுத் தரவுத் தளம் ஒன்றைத் தொடங்கியது. நேபாளத்தில் அது பயன்படவும் செய்தது. ஆனால் பட்டியல்களைச் சேர்ப்பதில் ஒரு தொல்லை. ஒரே ஊரின் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒருவிதமாக எழுதுவார், மற்றவர் வேறுவிதமாக. தூத்துக்குடி என்று ஒரு பட்டியலிலும் டூட்டிகோரின் என்று இன்னொன்றிலும் இருந்தால், எக்செல் அதை இரண்டு ஊராகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்கு இரண்டு லாரி போகும், அல்லது ஒன்றும் போகாது. இதைத் தீர்க்க ஒவ்வொரு நிர்வாகப் பிரிவுக்கும் ஓர் எண் கொடுத்து, எல்லாரும் பெயரோடு அந்த எண்ணையும் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பேரிடருக்கு முன்பே தயாராக இருக்க வேண்டிய பட்டியல் அது.

மே 12 பற்றிக் கேட்டபோது அவர் குரல் இறங்கிவிட்டது. சிந்துபால்சோக், தோலகா எல்லையருகே இன்னொரு நடுக்கம், ரிக்டரில் அல்ல, இப்போது பயன்படுத்தும் அளவீட்டில் 7.3. விரிசலோடு நின்ற வீடுகள் விழுந்தன. பதினேழு நாளாக எழுதிய கணக்கு அந்த மதியத்தோடு பழசாயிற்று, மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்கினார்கள்.

அதற்குள் மழை நெருங்கிவிட்டது. இங்கே பருவமழை ஜூன் நடுவில். அதற்கேற்பக் கேள்விகளும் மாறின. காயம் பட்டோர் எத்தனை என்று கேட்டவர்கள், தகரம் எத்தனை குடும்பத்துக்கு வேண்டும், நாற்று நடும் நேரத்துக்கு விதை நெல் இருக்கிறதா, இல்லை இடிந்த வீட்டுக்கடியில் புதைந்துவிட்டதா, வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை நாள் நடை என்று கேட்கத் தொடங்கினார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் மலையேற்றச் சுமைக்காரர்கள். உலக உணவுத் திட்டம் அவர்களையும் கழுதைகளையும் வைத்துத்தான் சாலையில்லா ஊர்களுக்குப் பொருள் அனுப்பியது. எந்தத் தடம் அறுந்திருக்கிறது என்று அவர்கள் திரும்பி வந்து சொன்னதுபோல் எந்தச் செயற்கைக்கோளும் சொல்லவில்லை. மேலிருந்து பார்த்தால் கூரை அப்படியே இருக்கும், அதன்கீழ் சுவர் படுத்திருக்கும். மேகம் மூடினால் அதுவும் தெரியாது.

ஜூனில் அரசு வெளியிட்ட மதிப்பீட்டின்படி முற்றிலும் இடிந்தவை 4,98,852 வீடுகள், பகுதி சேதமானவை 2,56,697. பாதித்த குடும்பங்களுக்கு அட்டை கொடுத்தார்கள்; முழுதும் இடிந்திருந்தால் சிவப்பு அட்டை. தற்காலிகக் கூரைக்கு 15,000 நேபாள ரூபாய், குளிர்காலத்துக்கு 10,000. அவசரத்தில் எழுதிய பட்டியல் என்பதால் விட்டுப்போனவர்களும் இருந்தார்கள், ஒரே வீட்டை அண்ணன் தம்பி தனித்தனியாக எழுதியதும் நடந்தது. அதனால்தான் 2016ல் மத்தியப் புள்ளியியல் துறை பொறியாளர்களை டேப்லெட்டோடு ஊர் ஊராக அனுப்பி, ஒவ்வொரு வீட்டையும் படமெடுத்து, சேதத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்து மறுபடி எழுத வேண்டியிருந்தது. முதல் பட்டியலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தார்ப்பாய் கொடுக்க அது போதும். வீடு கட்ட லட்சக்கணக்கில் பணம் கொடுக்க அது போதாது. இரண்டும் வேறு வேறு வேலை.

ராத்திரி விடுதியில் அக்காவிடம் பேச்சு நீண்டது. கடலூர் மாவட்டத்தில் சுனாமியில் இறந்தவர்கள் 391 பெண்கள், 146 ஆண்கள் என்று ஆக்ஸ்ஃபாம் 2005 மார்ச்சில் எழுதியது. ஆண்கள் கடலுக்குள் படகில். பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள். மொத்தம் 537 என்று ஒரே எண்ணாக எழுதியிருந்தால் இது வெளியே தெரிந்திருக்காது. "படகு போனது எத்தனை, வலை போனது எத்தனைன்னு மொதல் நாளே கேட்டாங்க. மீன் விக்கிற பொம்பளைக்கு என்ன போச்சுன்னு கேக்க மாசம் ஆச்சு" என்றார் அக்கா. இங்கே ஆண்கள் வெளிநாட்டில். வீட்டை நடத்துவது மனைவி, நிலப்பத்திரம் வேறொருவர் பெயரில். படிவத்தில் குடும்பத் தலைவர் யார் என்ற கட்டத்துக்குள் எந்தப் பெயரை எழுதுகிறார்கள் என்பதில் இருந்தது, வீட்டுப் பணம் யார் கைக்கு வரும் என்பது.

திங்கள், மறுபடி காத்மாண்டு

துணி துவைக்க ஒரு நாள். மதியம் காத்மாண்டை ஒட்டிய பட்டன் நகரத்தின் சதுக்கத்தில் உட்கார்ந்து செல்போன் தரவு பற்றி அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஃப்ளோமைண்டர் என்ற ஸ்வீடன் அமைப்பும் என்செல் செல்போன் நிறுவனமும் சேர்ந்து, பெயரும் எண்ணும் நீக்கிய சிம் நகர்வுகளை வைத்து, வழக்கத்தைவிட 3,90,000 பேர் கூடுதலாகக் காத்மாண்டு பள்ளத்தாக்கை விட்டு வெளியேறியதாகக் கணக்கிட்டன. பிறந்த ஊரைப் பார்க்கப் போனவர்கள், பயந்து போனவர்கள். எங்கே கூடுதல் வாய்கள் சேர்ந்திருக்கின்றன என்பது உணவு அனுப்புகிறவர்களுக்கு மிகவும் வேண்டிய செய்தி. ஆனால் கையில் போன் இல்லாத கிழவியும் குழந்தையும் அந்தக் கணக்கில் நேரடியாக வருவதில்லை. ஆகவே அங்கேயும் வெள்ளைப் பகுதிகள் உண்டு.

வெள்ளி, லாங்டாங்

ஸ்யாப்ருபெசியிலிருந்து நடை. உயரம் 3,400 மீட்டரைத் தாண்டுகிறது, மூச்சு வாங்குகிறது, எழுதக் கை விறைக்கிறது.

நிலநடுக்கத்தன்று மேலிருந்து பனியும் பாறையும் சேர்ந்து விழுந்து ஊரையே மூடியது. அது கிளப்பிய காற்று எதிர்ச் சரிவின் மரங்களைச் சாய்த்தது. பாறை ஒன்றின் கீழ் ஒண்டியிருந்த ஒரே ஒரு வீடு தப்பியது. ஊர்க்காரர்கள், வழிகாட்டிகள், வெளிநாட்டு மலையேறிகள், ராணுவத்தினர் என்று நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். புதிய ஊர் சற்றுத் தள்ளி இருக்கிறது. இறந்தவர்கள் பெயர்களைச் செதுக்கிய கற்சுவரும் இருக்கிறது.

விடுதி நடத்தும் தீதி, காத்மாண்டில் சுயம்பு அருகே ஒரு மடத்து வளாகத்தில் மாதக்கணக்கில் முகாமில் இருந்தவர். அங்கே பெரியவர்கள் உட்கார்ந்து ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வீடு வீடாகச் சொல்லச் சொல்ல, யார் இருந்தார்கள், யார் அன்று யாக் மேய்க்க மேலே போயிருந்தார்கள், யார் சாமான் வாங்கக் கீழே போயிருந்தார்கள் என்று எழுதினார்களாம். வெளிநாட்டவர் பெயர்களைத் தேசியப் பூங்கா நுழைவுப் பதிவில் பார்க்கலாம். பக்கத்து மாவட்டத்திலிருந்து அந்த வாரம் சுமை தூக்க வந்த பையனின் பெயர் எந்தப் பதிவில் இருக்கும்? அதைச் சொல்ல அவனோடு டீ குடித்தவர்தான் வேண்டும்.

திங்கள், காத்மாண்டு

ஆசிரியை தன் மாணவர்களோடு பட்டனில் ஒரு வார்டை வரைவதைக் காலையில் பார்த்தோம். திறந்தவெளி எது, கல் தாரைகளில் எதில் தண்ணீர் வருகிறது, ஆம்புலன்ஸ் நுழைய முடியாத சந்து எது. எழுதியதை வார்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, ஒரு நகலைத் தெருவிலேயே ஒட்டுகிறார்கள். பதில் சொன்னவர்களுக்கே அதைத் திருப்பிக் காட்டுவது 2015ல் தொடங்கிய பழக்கம். அப்போது பாதித்த மாவட்டங்களில் "உங்கள் முக்கியத் தேவைகள் தீர்கின்றனவா, உதவி நியாயமாகக் கிடைக்கிறதா" என்று மக்களிடமே மறுபடி மறுபடி கேட்டு, பதிலை உதவி அமைப்புகளின் முன் வைத்தார்கள்.

அக்காவும் நானும் இரவு விமானத்துக்குக் காத்திருக்கும்போது ஒரு பட்டியல் போட்டோம். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், ஜனவரியில், அக்காவின் ஊரை ஒட்டிய கடலோரக் கிராமங்களில் இதே வேலையைத் தொடங்குகிறோம். புயல் பாதுகாப்பு மையம், துணை சுகாதார நிலையம், தண்ணீர் தேங்கும் தெரு, ஊரின் எல்லாப் பெயர்களும் அரசுப் பட்டியலில் உள்ள எண்ணோடு. படகு வைத்திருப்பவர்களின் வீடுகள் மட்டுமல்ல, உப்பளத் தொழிலாளர் குடிசைகளும் மீன் விற்கும் பெண்களின் சந்தையும் வர வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். ஒரு ஸ்மார்ட்போனும் வாரத்தில் இரண்டு மாலையும் இருக்கிறவர்கள் சேரலாம். முதல் கூட்டத்துக்கு வருமுன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் சொந்தத் தெருவைத் தேடிப் பாருங்கள். என்னவெல்லாம் இல்லை என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.